வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்குப் போடாத கையெழுத்து

இதை எழுத உட்கார்ந்து எழுந்தது எத்தனை தடவை என்று எனக்கே கணக்கில்லை. ஒரு தடவை பாதித் தாள் வரை வந்துவிட்டு, அதைக் கிழித்துப் போட்டேன். தினமும் இரண்டு வேளை முருகன் படத்துக்கு முன்னால் நிற்கிறவன் நான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, இனி மனுஷர்களிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம் இல்லை, பயம். பல வருஷம் அந்தப் பயத்தோடேயே குளித்து, விபூதி பூசி, சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போன மாதம் நான் வேலை பார்த்த வக்கீல் ஆபீசுக்குப் போயிருந்தேன். இப்போது அதை எங்கள் வக்கீல் கபூர் சாகிப்பின் மகள்தான் நடத்துகிறாள். புதிதாகச் சேர்ந்த ஜூனியர்கள் மூன்று பேர். டைப்ரைட்டர் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர். ஆனால் சுவரில் சாகிப் தன் கையால் இந்தியில் எழுதி ஒட்டிய சீட்டு மட்டும் கண்ணாடிச் சட்டத்துக்குள் அப்படியே இருக்கிறது: "உயில் தயாரான அன்றே, அந்த மணியே, கையெழுத்து." ஒரு ஜூனியர் பெண் கேட்டாள், "முன்ஷிஜி, இந்த ரூல் ஏன் வந்தது? சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையே?"

"சாகிப்பின் பழக்கம், மகளே," என்றேன்.

மறுபடியும் ஒரு பொய். அன்று வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தேன். அதுதான் இது.

என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. கோவில்பட்டியில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு, அத்தான் ஒருவரை நம்பி டெல்லிக்கு ரயில் ஏறினேன். கரோல் பாக்கில் ஆறு பேர் ஒரு அறை. இரண்டு மூன்று கம்பெனிகளில் தற்காலிக வேலை. பிறகு, துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்த கபூர் சாகிப் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். கரோல் பாக் முழுக்க அப்போது தமிழ் குமாஸ்தாக் குடும்பங்கள். அவர்களோடு பேச ஓர் ஆள் சாகிப்புக்குத் தேவைப்பட்டது. சில வருஷத்தில் நான் முன்ஷி ஆனேன். முன்ஷி என்றால் வக்கீலின் குமாஸ்தா. தாள் தயார் செய்வது, சாட்சியைக் கூப்பிடுவது, கட்சிக்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவன் வேலை.

சாகிப்பிடம் எல்லா வழக்கும் வரும், ஆனால் அவர் மனசு வைத்துச் செய்தது உயில் வேலைதான். அதற்கென்று அவருக்கு ஒரு முறை உண்டு. உயில் எழுத வந்தவரைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிடுவார். மனைவி, மகன், மருமகன் யாராக இருந்தாலும் என் மேஜைப் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார வேண்டும். உள்ளே அவர் "இறந்த பிறகு" என்ற வார்த்தையைச் சொன்னதே கிடையாது. பென்சிலைச் சீவிக்கொண்டே, "பாபுஜி, உங்களுக்குப் பிறகு உங்கள் வீட்டில் காலிங் பெல் அடித்தால் கதவைத் திறப்பது யார்?" என்று கேட்பார். வந்தவர் யோசிப்பார். சிலர் அழுவார்கள். யார் பெயரைச் சொல்கிறார்களோ, அங்கிருந்துதான் உயிலை ஆரம்பிப்பார்.

நான் டைப் அடித்துக் கொடுத்ததும், கட்சிக்காரரையே சத்தமாகப் படிக்கச் சொல்வார். படிக்கத் தெரியாதவருக்கு நான் தமிழில் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்து. காலியாக விட்ட இடத்தில் குறுக்கே ஒரு கோடு. ஸ்டேப்ளர் பின் கூடாது, நூலால்தான் தைக்க வேண்டும். பின்னைப் பிடுங்கி மறுபடி குத்தினால், நடுவில் தாளை மாற்றினார்கள் என்று நாளைக்கு ஒருவன் சொல்வான் என்பார். சாட்சி இரண்டு பேர். கையெழுத்துப் போடுவதை இருவரும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். வயசானவருக்கோ வியாதிக்காரருக்கோ எழுதினால் அதில் ஒருவர் டாக்டராக இருக்க வேண்டும். கீழே கிளினிக் வைத்திருந்த டாக்டர் சேத்தி அதற்காகவே மேலே ஏறி வருவார். உயிலுக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டாம், ரிஜிஸ்டர் செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை, வெள்ளைத் தாள் போதும். ஆனால் கையெழுத்தும் இரண்டு சாட்சியும் இல்லாவிட்டால் அது வெறும் தாள். இதைச் சாகிப் எனக்கு முதல் வாரத்திலேயே சொன்னார். எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கதையில் வரும். கூட்டுறவு வீட்டுச் சங்கம் கட்டுகிற சொசைட்டி ஃப்ளாட்டுக்கு "நாமினி" என்று ஒரு பெயர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அந்தப் பெயர்க்காரர்தான் சொந்தக்காரர் என்று நம் ஆட்கள் நினைத்துக்கொள்வார்கள். நாமினி வாங்கி வைத்துக்கொள்கிறவர்தான், வீடு யாருக்கு என்பது வேறு. புசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மா, அண்ணன் மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று பதினைந்து வருஷம் நிம்மதியாக இருந்தார். சாகிப் விளக்கியதும் அந்த அம்மா என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, அப்போ நான் இவ்வளவு நாள் நிம்மதியா இருந்தது வேஸ்ட்டா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவருக்கு முறைப்படி எழுதிக் கொடுத்தோம், நன்றாகவே முடிந்தது. அப்படி நல்லபடியாக முடிந்தவை எத்தனையோ உண்டு. அவை எதுவும் எனக்கு ஞாபகம் வருவதில்லை.

என் மேஜைக்கு மேலே தினசரிக் காலண்டர் ஒன்று தொங்கும். ஊரிலிருந்து வருஷா வருஷம் மச்சினன் தபாலில் அனுப்புவான். காலையில் தாளைக் கிழித்ததும் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் டைப்ரைட்டர் உறையை எடுப்பேன். யாராவது கையெழுத்துப் போட வந்தால், "ஒரு அரை மணி பொறுங்க சார், ராகு போயிரட்டும்," என்பேன். நம்மவர்களுக்கு அது பிடித்திருந்தது. "அந்த முன்ஷி நேரம் பார்த்துச் செய்வார்" என்று டெல்லியின் ஓரத்தில் இருக்கும் துவாரகா வரை பேர் பரவியது. அந்தப் பேரில் எனக்குப் பெருமை இருந்தது. சாகிப் கண்டுகொள்ளவில்லை. "சரி சாமிஜி, உங்கள் பாம்பு போனதும் சொல்லுங்கள்," என்று கேலி செய்வார்.

துவாரகாவுக்கு மெட்ரோ வராத காலம். ஒரு மார்கழி மாதம் சங்கரலிங்கம் அண்ணாச்சி வந்தார். சங்கரன்கோவில்காரர். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கரோல் பாக்கில் எங்கள் தெருவுக்குப் பின் தெருவில் ரொம்ப நாள் குடியிருந்து, பிறகு துவாரகாவில் சொசைட்டி ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போனவர். அவரோடு அவருடைய தங்கச்சி கோமதி அக்காள் வந்திருந்தாள். அக்காளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழவிடவில்லை. அண்ணாச்சியின் மனைவி ஐந்து வயசுப் பிள்ளையை விட்டுவிட்டு இறந்ததும், அவள் ரயிலேறி வந்து அந்தப் பிள்ளையை வளர்த்தாள். அந்தப் பிள்ளைதான் செந்தில். படித்து, கல்யாணம் ஆகி, குர்கானில் பெரிய வேலையில் இருந்தான்.

அண்ணாச்சிக்கு ஏற்கெனவே ஒரு தடவை மாரடைப்பு வந்திருந்தது. சாகிப் வழக்கமான கேள்வியைக் கேட்டார். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை.

"கோமதிதான் தொறப்பா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டு இந்தியில் சொன்னார். நான் குறிப்பெடுக்க உள்ளே இருந்தேன். வீடு செந்திலுக்குத்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கோமதி உயிரோடு இருக்கிற வரை அந்த வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. "வக்கீல் பாஷையில என்னமும் எழுதிக்கிடட்டும் தம்பி. அவ கையில இருக்க சாவிய ஒருத்தரும் கேக்கப்பிடாது. அது வந்தாப் போதும்." சாகிப்பிடம் அதைச் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இதைவிட நன்றாக எனக்கு எழுத வராது," என்றார்.

சட்டம் எப்படி என்றால், உயில் இல்லாமல் அண்ணாச்சி போய்விட்டால் வீடு முழுக்க மகனுக்கு. மகன் இருக்கும்போது தங்கச்சிக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. முப்பது வருஷம் அந்த அடுப்படியில் நின்றவள் என்பதற்குச் சட்டத்தில் இடம் இல்லை. ஆகவே அந்தத் தாள்தான் அக்காளுக்குக் கூரை. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

டிசம்பர் கடைசியிலேயே தாள் தயார். நான்தான், "மார்கழியில வேண்டாம் அண்ணாச்சி, தை பொறக்கட்டும்," என்றேன். அவரும் சரி என்றார்.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. அவ்வளவு பனிமூட்டத்திலும் இரண்டு பஸ் மாறி, பத்தரைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள், நான் வரச் சொன்னது ஒன்பதரைக்கு. அண்ணாச்சி குரங்குக் குல்லாவைக் கழற்றிக்கொண்டே, "என்னவே, டெல்லியில சூரியனுக்கும் லீவு விட்டாச்சா?" என்றார். அக்காளை பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அண்ணாச்சி என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, நூல் தைத்த தாளை ஒவ்வொரு வரியாக வாய்க்குள் படித்தார். படித்து முடித்துச் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். டாக்டர் சேத்தி மேலே வந்துவிட்டார். இன்னொரு சாட்சியான துணிக்கடைக்காரரும் வந்துவிட்டார். சாகிப் உள் அறையில் கோட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டில் கேஸ். பதினொன்றுக்குள் கிளம்ப வேண்டும். கையெழுத்து தன் கண்ணெதிரே நடக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

எழுந்து அண்ணாச்சியை உள்ளே கூப்பிட வேண்டியதுதான் என் வேலை. மணி பத்து நாற்பது. என் கண் காலண்டருக்குப் போனது. வெள்ளி, ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

குனிந்து மெதுவாகச் சொன்னேன்: "அண்ணாச்சி, ராகு காலம் நடக்கு. பன்னெண்டு மணி வரைக்கும் பொறுங்க."

"சாவப் போறவனுக்கு ராகு என்னவே, கேது என்னவே? இது என்ன நிச்சயதாம்பூலமா?"

"அப்படிச் சொல்லாதிய. அக்காளுக்குன்னு எழுதுதிய. நல்ல நேரத்துல எழுதணும். பின்னால ஒரு வில்லங்கம் வந்துரக்கூடாதுல்லா?"

"உம்ம சாகிப்பு ஆபீஸ்ல சோசியமும் உண்டா? அதுக்குத் தனி ஃபீஸா?"

"வெளையாடாதிய அண்ணாச்சி. நான் சொன்னாக் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த தங்கச்சியைப் பார்த்தார். அக்காளுக்கு எங்கள் பேச்சு கேட்கவில்லை. தெருப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி வே. அவளுக்கு நல்லதுன்னு சொல்லுதீரு. உம்ம ராகு போவட்டும்," என்று பேனா மூடியைத் திருகி மூடினார்.

இதுவரை செய்ததை மூடத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்து செய்ததற்கு அந்தப் பேர் கிடையாது. உள்ளே போனேன். வெள்ளிக்கிழமை, கோர்ட்டுக்கு அவசரம், சாகிப்பிடம் ராகு காலம் என்றால் அன்று கேலி செய்ய மாட்டார், கத்துவார் என்று எனக்குத் தெரியும். ஆகவே சொன்னேன்: "சாகிப், அவர் தள்ளிப்போடச் சொல்கிறார்."

அவர் என்றுதான் சொன்னேன். நான் என்று சொல்லவில்லை.

சாகிப் நிமிர்ந்தார். "ஏன், மனசில் ஏதாவது குழப்பமா?" என்றார். "தெரியவில்லை சாகிப்," என்றேன். அதுவும் பொய். உயில் எழுதுகிறவர் கொஞ்சம் தயங்கினாலும் வற்புறுத்தக் கூடாது என்பது சாகிப்பின் முறை. வெளியே வந்து அண்ணாச்சியின் தோளைத் தொட்டு, "அவசரமே இல்லை பாபுஜி. இன்று கோர்ட்டிலிருந்து நான் திரும்ப ராத்திரி ஆகிவிடும், நாளைக்கு டாக்டர் சாகிப் ஒரு கல்யாணத்துக்கு ஜெய்ப்பூர் போகிறார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வைத்துக்கொள்வோம்," என்றார். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே, "அச்சா ஜி, மண்டே," என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

படி இறங்கும்போது அக்காள் கேட்டது என் காதில் விழுந்தது. "முடிஞ்சுதாண்ணே?"

"திங்கக்கெழமை வரணும்ளா. வா, ஜல்தியா போவோம், குளுருது."

அதே நேரத்தில் என் மனைவி கோயிலில் துர்க்கைக்கு எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை ராகு காலத்தில் ஏற்றினால் விசேஷம் என்று போவாள். அம்மனுக்கு உகந்த நேரம் ஓர் அனாதைப் பெண்ணுக்குக் கூரை எழுத உதவாது என்று எனக்கு எந்தப் புஸ்தகம் சொன்னது?

திங்கட்கிழமை பத்து மணியிலிருந்து தாளை மேஜைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். டாக்டர் இரண்டு தடவை கீழிருந்து ஆள் அனுப்பிக் கேட்டார். பதினொன்றரைக்கு டெலிபோன். அண்ணாச்சியின் பக்கத்து ஃப்ளாட்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்த அண்ணாச்சி வாசலிலேயே சாய்ந்துவிட்டாராம். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது, உங்கள் ஆபீஸ் நம்பரைக் கோமதிஜிதான் கொடுத்தார் என்றார். நான் போனை வைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். சாகிப் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "நான் கோர்ட்டுக்கு ஒரு ஜூனியரை அனுப்பியிருக்கலாம். அந்த மனுஷன் தயங்கியபோது நான் கூட உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்," என்றார். மறுநாள் காலையில் அந்தச் சீட்டை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து செந்தில் வந்தான். சொசைட்டியில் நாமினி அவன்தான், வீட்டைத் தன் பேருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தான். சாகிப் அவனை உட்காரவைத்து, கையெழுத்தில்லாத தாளை அவன் முன்னால் வைத்தார். "இதற்குச் சட்டத்தில் மதிப்பு இல்லை. ஆனால் உன் அப்பா இதைத்தான் விரும்பினார். மகனாக நீ இதை மதிக்கலாம்," என்றார்.

செந்தில் கெட்ட பையன் இல்லை. இரண்டு தடவை படித்தான். கண் கலங்கியது. பிறகு, "சார், இது ரெடியாகி எவ்வளவு நாள் ஆச்சு?" என்று கேட்டான்.

"ஐந்து வாரம்."

"அப்போ ஏன் சைன் பண்ணலை?"

சாகிப் பொய் சொல்லத் தெரியாதவர். "அன்றைக்கு வந்தார். எல்லாம் தயாராக இருந்தது. அவர்தான் தள்ளிப்போடச் சொன்னார்," என்றார்.

செந்தில் தாளை மடித்து மேஜையில் வைத்தான். "அப்பா முப்பத்தஞ்சு வருஷம் ஃபைல்ல சைன் பண்ணினவர் சார். பண்ணணும்னு நினைச்சா பண்ணியிருப்பார். கடைசியில் மனசு மாறியிருக்கு. எனக்கு இது போதும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, அவனுக்கு வருகிற தமிழில் கேட்டான்: "அங்கிள், நீங்க இருந்தீங்கல்ல? அப்பா உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

இதைவிடத் தெளிவாக முருகன் என்னிடம் வாயைத் திறக்கச் சொல்லியிருக்க முடியாது. என் எதிரே காலண்டர் தொங்கியது. சாகிப் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை போய்விடும், என் பேர் போய்விடும் என்று நினைத்தேனா, வேறு எதையாவது நினைத்தேனா, தெரியாது.

"சாகிப் சொன்னதுதான் தம்பி," என்றேன்.

சித்திரை மாதம் ஃப்ளாட்டை விற்றான். குர்கானில் பெரிய வீடாக வாங்கிக்கொண்டு அத்தையையும் கூட அழைத்துப் போனான். போவதற்கு முன்னால் கோமதி அக்காள் தனியாக பஸ் பிடித்து ஆபீசுக்கு வந்தாள். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும். அண்ணன் கையெழுத்துப் போட வந்துட்டு, வேண்டாம்னு எந்திரிச்சிட்டாவளாமே. செந்திலு சொல்லுதான். நெசந்தானா?"

நான் சொன்னேன், "நேரம் சரியில்லக்கா."

பொய் இல்லை பாருங்கள். அந்த வாக்கியத்துக்குள் நான் எப்படிப் பதுங்கிக்கொண்டேன் என்று பாருங்கள். நான் ராகு காலத்தைச் சொன்னேன், அவள் தன் தலையெழுத்தைச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். அப்படித்தான் எடுத்துக்கொள்வாள் என்று தெரிந்தே சொன்னேன். "ஆமா, எனக்கு என்னைக்கு நேரம் சரியா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

குர்கானில் ஒன்றரை வருஷம் இருந்தாள். செந்திலின் மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் அந்த வீட்டுக்கு வந்துவிட, அறை போதவில்லை. ஃபரீதாபாத்தைத் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் அக்காளைச் சேர்த்தார்கள். மோசமான இடம் இல்லை. கட்டில், வெந்நீர், வாரம் ஒரு தடவை டாக்டர். சப்பாத்தி மட்டும் அவளுக்கு இறங்காது.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. மறு வருஷம் தை மாதம் கோயிலில் பிரகாரம் சுற்றி வந்தபோது குருக்கள் யாரோ ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தத் தினசரிக் காலண்டரை இங்க நம்பாதீங்கோ. அது ஆறு மணிக்கு சூரியோதயம்னு வச்சுப் போட்ட பொதுக் கணக்கு. டெல்லியில தை மாசம் சூரியன் ஏழே காலுக்குன்னா எழுந்துக்கறார்? எல்லாம் தள்ளிப் போயிடும்." நான் நின்றுவிட்டேன். வெள்ளிக்கிழமை ராகு காலம் எப்போது வரும் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "பதினொண்ணு பத்துக்கு மேல ஆரம்பிச்சு பன்னண்டரை வரைக்கும் இருக்கும்," என்றார்.

பத்து நாற்பது சுத்தமான நேரம். நான் காத்திருக்கச் சொன்ன பன்னிரண்டு மணிதான் ராகு காலம். முப்பது வருஷம் நான் பார்த்துக் கொடுத்த நேரமெல்லாம் வேறு ஊர்ச் சூரியனுக்கு. அன்றைக்குச் சாமி கும்பிடாமலே வெளியே வந்தேன். இப்போதும் கும்பிடுகிறேன், ஆனால் எதையும் கேட்பதில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

சாகிப் படுத்த படுக்கையானபோது தினமும் போய்ப் பார்ப்பேன். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "முன்ஷிஜி, அந்த மதராசி பாபுவின் கையெழுத்து... என் தவறு அது. நான் அன்றைக்குக் கோர்ட்டுக்குப் போயிருக்கக் கூடாது," என்றார். இல்லை சாகிப், அது நான் என்று சொல்ல அந்த அறையில் என்னைத் தடுக்க யாரும் இல்லை. சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் போய்விட்டார், என் பாரத்தைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டே.

அவர் காரியம் முடிந்த மறுநாள் ஃபரீதாபாத் போனேன். அக்காள் ரொம்ப மெலிந்திருந்தாள். வராந்தா வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் கேட்டாள். பத்து நாற்பது, பேனா, "அவர்" என்று நான் சொன்னது, செந்தில் கேட்டபோது சொன்னது, "நேரம் சரியில்லக்கா" என்றது, எல்லாம்.

பிறகு சொன்னாள். "மூணு வருசமா அண்ணன நெனைக்கும்போதெல்லாம் ஏசிக்கிட்டே இருந்தேனே, தம்பி. கடைசியில ஒனக்கும் மவன்தான் பெருசாப் போச்சுல்லான்னு படத்தைச் செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சிட்டேன். வருசம் வரும்போது ஒரு வெளக்குப் பொருத்தலையே. இதை அன்னைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... வீடு போனாப் போவுதுன்னு இருந்திருப்பேனே."

நான் அவள் காலைத் தொடக் குனிந்தேன். காலை இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் வேண்டாம். எனக்கு மன்னிக்கவும் தெரியலை, ஒண்ணும் தெரியலை. நீ போ. போயி செந்திலுகிட்டச் சொல்லு. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு, கூட்டாமக் கொறைக்காம. அவன் அவங்க அப்பாவைத் தப்பா நெனைச்சுக்கிட்டு இருக்கப்பிடாது."

அன்று சாயங்காலமே செந்திலுக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டான். "அப்போ அப்பா சைன் பண்ண ரெடியா இருந்தாரா?" என்றான். "பேனாவைத் திறந்துட்டார் தம்பி," என்றேன்.

"நீங்க அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் வித்திருக்க மாட்டேன் அங்கிள். ஐ திங்க்... தெரியலை. இப்போ எதுக்குச் சொல்றீங்க? இப்போ நான் என்ன பண்றது?" பிறகு அவனே சொன்னான்: "அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்."

சொல்லியாகிவிட்டது என்று சொல்லும் முன் வைத்துவிட்டான்.

அவன் அத்தையைப் பார்க்கப் போனானா என்றால், போகவில்லை. வெட்கம் என்று நினைக்கிறேன். என்னைவிட அது யாருக்குத் தெரியும்? அந்த வைகாசியில், அனல் காற்று அடித்த ஒரு வாரத்தில், கோமதி அக்காள் இறந்துபோனாள். கொள்ளி போட்டது செந்தில்தான். சுடுகாட்டில் அவன் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவன் பக்கம் போகவில்லை. அவளுடைய பெட்டியை எடுத்துக் கொடுக்க வந்த இல்லத்துக்காரர் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். கடைசி இரண்டு மாதமும் அந்த அம்மா தினமும் ஒரு படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, நம் பாஷையில் ஏதோ பேசிக்கொண்டே இருப்பாராம். மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும் என்றார். அவள் கேட்க வேண்டிய மன்னிப்பு அல்ல அது.

உயில் எழுத வேண்டியவர்களுக்கு நான் புத்தி சொல்லத் தகுதி இல்லாதவன். எழுதுங்கள், எழுதிய அன்றே கையெழுத்துப் போடுங்கள் என்று சாகிப்பின் சீட்டே சொல்கிறது. நான் கேட்பது வேறு.

இதை வாசிக்கிறவர்கள் யாருக்காவது கொடுத்தால், சொன்னால், இப்படியே சொல்லுங்கள். டெல்லித் தமிழர்களுக்குள் இந்த விஷயம் ஏற்கெனவே வேறு மாதிரி உலவுகிறது. தங்கச்சிக்கு எழுத வந்தவர் கடைசி நிமிஷத்தில் மனசு மாறி எழுந்து போனார் என்று ஒரு கல்யாண வீட்டில் என்னிடமே ஒருவர் சொன்னார். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். விதி என்று சேர்க்க வேண்டாம். ஏதோ நல்லது நினைத்துத்தான் அந்த முன்ஷி செய்தார் என்றும் சேர்க்க வேண்டாம், நீங்கள் இரக்கப்பட்டாலும் சேர்க்க வேண்டாம். சங்கரலிங்கம் அண்ணாச்சி தன் தங்கச்சிக்காக இரண்டு பஸ் மாறி வந்தார், கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். தள்ளிப்போடச் சொன்னவன் நான்.